அரங்கேற்றமா, கல்லூரியா: நடனம் படிக்க விரும்பும் பெண்ணின் அம்மாவுக்கு

கோவில்பட்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கணவர் லாரி ஓட்டுகிறார், நீங்கள் வீட்டில் தையல் வேலை பார்க்கிறீர்கள். மூத்தவள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். சின்ன வயதிலிருந்து பரதநாட்டியம் கற்கிறாள், பிளஸ் டூ முடித்ததும் அதையே படிக்கப் போகிறேன் என்கிறாள். இளையவளுக்குப் பதினொரு வயது, அவளும் அதே வகுப்புக்குப் போகிறாள். எந்தக் கல்லூரி, எவ்வளவு ஆகும், உதவித்தொகை உண்டா என்பது நீங்கள் கேட்டது. நடுவில் ஒரு வரி வருகிறது: முதலில் அரங்கேற்றம் செய்துவிடுங்கள், நாலரை லட்சம் ஆகும் என்று டீச்சர் சொல்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தொகை. அதை எந்த வருடத்தில் செலவழிப்பது?

நான் இந்தக் கலையை முழுநேரமாகப் படித்தவள், பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறவள். கல்லூரிக்குப் போன என் மாணவிகள் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் ஆடி நான் பார்த்ததில்லை, அதனால் அவளுடைய திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். பணம், படிப்பு, பாதுகாப்பு பற்றிச் சொல்ல முடியும். படிக்கிற வருடங்களுக்கு நீங்கள் பயப்படுகிற அளவு செலவு ஆகாது. படித்து முடித்த பிறகு வரும் மூன்று நான்கு வருடங்கள்தான் குடும்பத்தை அழுத்தும். நகை அந்த வருடங்களுக்கு இருக்கட்டும்.

முதலில் அரங்கேற்றம். முழுநேர நடனப் படிப்பில் சேர அரங்கேற்றம் ஆகியிருக்க வேண்டும் என்று எந்த நிறுவனமும் கேட்டு நான் பார்த்ததில்லை. நேர்முகத்தில் அரங்கேற்ற ஆல்பத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்தத் தொகை எங்கே போகிறது என்று பாருங்கள். மண்டப வாடகை, நட்டுவாங்கம் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று பக்கவாத்தியம், அவர்களோடு நடக்கும் ஒத்திகைகளுக்குத் தனியாக, இரண்டு மூன்று உடை, நகை, ஒப்பனை, அழைப்பிதழ், வீடியோ, வந்தவர்களுக்குச் சாப்பாடு, குருவுக்கு மரியாதை. இதில் உங்கள் மகளின் ஆட்டத்தை முன்னேற்றுவது ஒத்திகைகள் மட்டும்தான். வசதி உள்ளவர்கள் சந்தோஷமாகச் செய்யட்டும், அதில் தவறே இல்லை. அடகு வைத்துச் செய்யாதீர்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அவளைத் திரும்பவும், அடவு என்னும் அடிப்படை அசைவுகளில் முதலாவதான தட்டடவிலிருந்து ஆரம்பிக்க வைப்பார்கள். அங்கே அரங்கேற்றம் ஆனவளும் ஆகாதவளும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

ஆனால் டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். இத்தனை வருடம் வளர்த்தவர், மனம் நோகக் கூடாது. "டீச்சர், இவள் கல்லூரிக்குப் போகப் போகிறாள், படித்து முடித்து வந்து உங்கள் ஆசீர்வாதத்தோடு செய்கிறோம், இப்போது உங்கள் கையால் ஒரு சலங்கை பூஜை மட்டும் கோயிலில் நடத்திக் கொடுங்கள்" என்று கேளுங்கள். சலங்கைக்குப் பூஜை செய்து காலில் கட்டும் சிறு சடங்குதான் அது. பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். கோபப்பட்டால்கூட, உங்கள் நிலைமையை நேராகச் சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை.

சரி, எங்கே படிப்பது? எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கியது. 1993-இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, இப்போது மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சியாக நடக்கிறது. மத்திய அரசின் பணம் வருவதால் கட்டணம் தனியார் கல்லூரி அளவுக்கு இருக்காது, விடுதியும் உண்டு. பரதநாட்டியத்தில் நான்கு வருடப் பட்டயம், அதன்பின் இரண்டு வருட முதுநிலைப் பட்டயம். நடனத்தோடு பாட்டும் சாஸ்திரமும் சேர்த்தே சொல்லித் தருவார்கள். பயிற்சியின் ஒழுங்குக்கு ஈடாகச் சொல்ல வேறு இடம் அதிகம் இல்லை. ஆனால் கையில் கிடைப்பது பட்டயம், பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. இந்த வித்தியாசம் பல பெற்றோருக்கு நான்காவது வருடத்தில்தான் உறைக்கிறது. பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் முதுகலைப் பட்டமும், நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். பட்டயத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. இதற்கு வழி இருக்கிறது. கலாக்ஷேத்ராவில் படிக்கிறபோதே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு இளங்கலை சேர்ந்துவிடலாம். 2022-இலிருந்து ஒரு படிப்பை நேரிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் ஒரே சமயத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதித்திருக்கிறது. என் மாணவிகளுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

இரண்டாவது வழி அரசு இசைக் கல்லூரிகள். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என்று நான்கு. பெயர் இசைக் கல்லூரி என்று இருப்பதால் நடனம் இருக்காது என்று நினைத்து நிறையப் பேர் விண்ணப்பிப்பதே இல்லை. பரதநாட்டியமும் அங்கே பாடம்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் குடைக்குள் அவை வருகின்றன. எந்த ஊரில் பட்டம், எந்த ஊரில் பட்டயம் என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்து முடிவு செய்யுங்கள். கட்டணம் மிகவும் குறைவு. உங்களுக்கு மதுரை பக்கம் என்பதும் ஒரு வசதி. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டப் படிப்பாகவே பரதநாட்டியம் படிக்கலாம். உங்களைப் போலச் சிறு ஊர்களிலிருந்து வந்து அங்கே படித்து, இன்று பள்ளிகளில் நடன ஆசிரியராக இருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். பதினேழு இருக்கின்றன, தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஒவ்வொன்று. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருடச் சான்றிதழ். சமீப வருடங்களின் அறிவிப்புகளில் கட்டணம் வருடத்துக்கு 350 ரூபாய், மாணவர்களுக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகை என்று வந்திருக்கிறது. பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதற்காகப் பிளஸ் டூ-வை நிறுத்திவிட்டு அவளை இங்கே சேர்க்காதீர்கள். பிளஸ் டூ இல்லாமல் பட்டம் இல்லை. பத்தொன்பது வயதில் முழங்கால் போய்விட்டால் அவளுக்கு வேறு பாதையும் இருக்காது. கல்லூரி கிடைக்காமல் போனால் இதை வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். வர்ணம் என்ற நீளமான நடன உருப்படியைத் தயார் செய்துகொண்டு வரும் பிள்ளைகளிடம், "சரிம்மா, நாட்டடவு மூன்று காலத்திலும் செய்து காட்டு" என்பார்கள். காலம் என்றால் வேகம். முதல் காலம் எல்லோரும் செய்வார்கள். மூன்றாம் காலத்தில், முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி மெதுவாக மேலே ஏறிவிடும், கை பாதி வழியிலேயே நின்றுவிடும். அதைப் பார்ப்பார்கள். பிறகு கையால் ஆதி தாளம் போடச் சொல்வார்கள், ஒரு வரி பாடச் சொல்வார்கள். அதன் பிறகு நடப்பதுதான் என் அனுபவத்தில் மிக முக்கியம்: தேர்வாளர் எழுந்து வந்து தோளைச் சற்று இறக்கிவிடுவார், முழங்கையை உயர்த்திவிடுவார், "இப்போ மறுபடி செய்" என்பார். திருத்தியதை அந்தப் பெண் மறுமுறையும் அதற்கடுத்த முறையும் பிடித்துக்கொள்கிறாளா, அல்லது பழக்கம் அவளைப் பழைய இடத்துக்கே இழுக்கிறதா? நான்கு வருடம் கற்பிக்கப் போகிறவர்கள் தேடுவது திருத்தத்தை வாங்கிக்கொள்ளும் உடம்பை. அதனால் இந்த ஒன்றரை வருடத்தில் புது உருப்படிகளைச் சேர்ப்பதைவிட, தினமும் அடவுகளை மூன்று காலத்திலும் செய்யட்டும். வாரம் இருமுறை பாட்டு வகுப்புக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அரங்கேற்றத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவில் ஒன்றரை வருடப் பாட்டு வகுப்பு நடந்துவிடும்.

உதவித்தொகைக்கு வருகிறேன். மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் சிசிஆர்டி நிறுவனம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 650 உதவித்தொகை தருகிறது. வருடம் 3,600 ரூபாயும், குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் 9,000 ரூபாய் வரையும் கிடைக்கும்; தேர்வானால் 20 வயது வரைக்கும் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மூத்தவளுக்கு வயது தாண்டிவிட்டது. ஆனால் இளையவளுக்கு இது சரியான வயது. விண்ணப்பத்தைப் பள்ளி மூலமோ நேராகவோ போட வழி இருக்கிறதா என்று அந்த வருட அறிவிப்பில் பாருங்கள். போட்டி நாடு முழுவதும் என்பதால் கிடைத்தே தீரும் என்று கணக்குப் போட வேண்டாம். மூத்தவளுக்கு உரியது 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கான இளம் கலைஞர் உதவித்தொகை. 400 பேருக்கு, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். அது கிடைத்தால் கலாக்ஷேத்ராவோ மதுரையோ, விடுதிச் செலவின் பெரும் பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவை கலைக்கான பணம். அவளுக்கு ஒரு கல்லூரி மாணவி என்ற முறையிலும் உரிமைகள் இருக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்குச் சாதி அடிப்படையில் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். கல்விக் கடன் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. வங்கியில் கேட்டால் கிடைக்கக்கூடும், 7.5 லட்சம் வரை அரசு உத்தரவாதத் திட்டமே இருக்கிறது. ஆனால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய நேரம், நடனம் படித்தவருக்கு வருமானம் மிகக் குறைவாக இருக்கும் அதே நேரம். அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் கடன் தேவையே வராது. நல்ல பெயரில்லாத தனியார் இடத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். அப்படி எந்த இடத்தையாவது யாராவது சொன்னால், அது பட்டம் தரும் பல்கலைக்கழகமா என்று யுஜிசி பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

இப்போது அந்தக் கடினமான வருடங்கள். படித்து வெளியே வரும்போது அவளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். மேடையில் ஆடி அந்த வயதில் சம்பாதிப்பவர்கள் மிக அரிது. மார்கழியில் சபா வாய்ப்பு கிடைத்தாலும், புதியவர்களுக்குச் சன்மானம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் பக்கவாத்தியக்காரர்களுக்கும் ஒப்பனைக்கும் ஆடுபவர்தான் கைக்காசு போட வேண்டும். ஒரு கச்சேரி ஆடி முடித்து வரும்போது கையில் மிச்சம் இருப்பதற்குப் பதில் கடன் இருக்கும். இதைத் தெரிந்தேதான் நான் நகையை இப்போது தொடாதீர்கள் என்கிறேன். அந்த வருடங்களில் சென்னையிலோ மதுரையிலோ ஒரு அறை வாடகை, நல்ல ஒரு உடை, வருடத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கான பக்கவாத்தியச் செலவு, இவைதான் அவளைக் கலைக்குள் நிற்க வைக்கும். பணம் இல்லாமல் அந்தக் கட்டத்தில் விட்டுவிட்டுப் போன நல்ல ஆட்டக்காரிகள் நிறையப் பேர். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நிலையான வருமானம் எங்கிருந்து வருகிறது என்றால், பாடம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து. தனியார் பள்ளிகளில் நடன ஆசிரியர் வேலை, மாலையில் சொந்த வகுப்பு, வெளிநாட்டில் இருக்கும் நம் குழந்தைகளுக்கு இணையவழி வகுப்பு. இன்னொன்றைப் பெற்றோர் யாரும் யோசிப்பதில்லை: நட்டுவாங்கம். தாளம் பிடித்து, ஜதி சொல்லி, ஒரு நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு மற்றவர்களின் அரங்கேற்றங்களிலேயே வேலை வரும். அங்கே சன்மானம் நிச்சயம். கல்லூரியில் அது பாடத்திட்டத்தில் இருக்கும். பரீட்சைக்கு மட்டும் படிக்காமல் கையில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நன்றாகப் பாடவும் தெரிந்துவிட்டால் இன்னும் நல்லது. தூர்தர்ஷன் தரச்சான்றுக்கு விண்ணப்பிப்பதும் பின்னால் நிகழ்ச்சிகள் கிடைக்க உதவும்.

உடம்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் "முட்டி வலிக்குது என்று சில நாள் சொல்கிறாள்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவளை அரைமண்டியில் உட்காரச் சொல்லி முன்னால் இருந்து பாருங்கள். முழங்கால் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும். பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கால் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால், இடுப்பிலிருந்து வர வேண்டிய திருப்பத்தை முட்டியில் போட்டு முறுக்குகிறாள் என்று அர்த்தம். பாதத்தை அவளால் இடுப்பிலிருந்து திருப்ப முடிகிற அளவுக்கு மட்டும் திருப்பச் சொல்லலாம். பழகப் பழகக் கூடும். அவள் எந்தத் தரையில் ஆடுகிறாள் என்றும் பாருங்கள். கான்கிரீட் மேல் டைல்ஸ் போட்ட ஹாலில் தினமும் தட்டினால் குதிகாலும் முட்டியும் தாங்காது. வலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வீக்கம் இருந்தாலோ, எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். அது வளர்கிற வயதின் வலியா, காயமா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. தைலம் தேய்த்துக்கொண்டு தேர்வு நாள் வரை இழுக்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருக்கலாம். 2023-இல் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லை புகார்களோடு போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரு ஆசிரியர் கைது செய்யப்பட்டார், ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இதைச் சொல்வது அந்த இடத்துக்கு அனுப்பாதீர்கள் என்பதற்காக இல்லை. குருவைத் தெய்வமாகப் பார்க்கும் கலை இது; உடம்பைத் தொட்டுத் திருத்தும் கலையும்கூட. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு "இது சரியில்லை" என்று சொல்வது மிகவும் கஷ்டம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ள உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், வெளியாள் ஒருவர் இருக்கிறாரா, விடுதி மாணவிக்கு அவர்கள் எண் தெரியுமா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். கேட்கிற பெற்றோரை நல்ல நிறுவனம் மதிக்கும். தனி வகுப்புகளில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால் அப்படி ஒரு குழு இருக்காது. அங்கே மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098 இரு பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். இதைவிட முக்கியம், எந்த டீச்சரைப் பற்றிச் சொன்னாலும் அம்மா முதலில் தன்னை நம்புவாள் என்று அவளுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

உறவுக்காரர்கள் "டான்ஸ் படித்தால் யார் கட்டிக்கொள்வார்கள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மேடை கிடைக்காமல், பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக்கொடுப்பதுதான் வேலை என்று ஆனாலும் இதைப் படிப்பாயா? உடனே பதில் வர வேண்டாம். ஒரு மாதம் யோசிக்கட்டும். ஆமாம் என்றால் தைரியமாக அனுப்புங்கள். இல்லை என்றால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ வேறு பட்டம் படித்துக்கொண்டு, மாலையில் ஒரு நல்ல குருவிடம் தொடரலாம். இன்று மேடையில் நிற்கும் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

இந்த மாதமே செய்யக்கூடிய வேலை இரண்டு. இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கி வையுங்கள், சாதிச் சான்று இன்னும் வாங்கவில்லையென்றால் அதையும். சேர்க்கை அறிவிப்பு வரும் கோடையில் அங்கே கூட்டம் தாங்காது. அடுத்து, இப்போதைய டீச்சரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: எந்த வருடம், எந்த மாதம் முதல் உங்கள் மகள் தன்னிடம் கற்கிறாள், என்னென்ன உருப்படி முடித்திருக்கிறாள் என்று தேதி போட்டு, கையெழுத்தோடு. இளம் கலைஞர் உதவித்தொகைக்குக் குறைந்தது ஐந்து வருடப் பயிற்சி இருப்பதைக் காட்ட வேண்டும். ஊரை விட்டுப் போன பிறகு அந்தக் கடிதத்தை வாங்குவது சிரமம். சலங்கை பூஜை பற்றிப் பேசப் போகும் அன்றே அதையும் கேட்டுவிடுங்கள்.